லவோன் அக்கா வாங்கிய இருபத்திரண்டு

“கை இப்படி ஆயிடுச்சு. இனிமே சனிக்கிழமையில நீ சாப்பாட்டு மேஜையைப் பாத்துக்க, லவோன்” என்று டுவேன் சொன்னான். ஏதோ பெரிய மனசு பண்ணிச் சொல்வதுபோல் தோளில் வேறு தட்டினான். பக்கத்தில் நின்ற எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. என் அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்!

எங்கள் ஒஹாயோ பக்கத்தில் சனிக்கிழமை என்றால் சரளைக் குழியில் கூடி இரும்புத் தட்டு சுடுவதுதான். வரிசையாக நிற்கும் ஆறு தட்டுகளைச் சுட்டு விழவைக்க வேண்டும். முடிந்ததும் ஆளுக்கொரு பாத்திரத்தில் கொண்டுவந்ததை நீள மேஜையில் வைத்துச் சேர்ந்து சாப்பிடுவோம். சுட முடியாத ஆள் மேஜைக்கு. ஈ ஓட்டுவதும், அடுப்பில் தொத்திறைச்சி கருகாமல் திருப்பிப் போடுவதும் அந்த ஆளின் வேலை. டுவேன் எங்கள் கிளப்புக்குத் தலைவன். அக்காவோடு ஒரே வகுப்பில் படித்தவன். பள்ளிப் பேருந்திலேயே யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த ஆசாமி.

அக்கா கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். தொங்கிக்கொண்டு வரும் கோழிகளைத் தொடை வேறு இறக்கை வேறாக வெட்டி வெட்டியே வலது மணிக்கட்டு போய்விட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளுடைய ஒன்பது மில்லிமீட்டர் துப்பாக்கி சுடும்போது பின்னுக்கு உதைத்தால் முழங்கை வரை சுள்ளென்று இழுக்கும். ஒரு சனிக்கிழமை பாதியில் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டாள். டுவேன் அதைப் பார்த்துவிட்டான். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் அவள் எதையும் விட்டுக்கொடுக்கிறவள் அல்ல. அவள் புருஷன் ரிக் இன்னொருத்தியோடு போனபோது நாயையும் கூட்டிக்கொண்டு போனான். அக்கா நேராக அந்த வீட்டு வாசலில் போய் நின்று நாயை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். “அவனை நீயே வச்சுக்கோ தாயே” என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

“மேஜையாம் மேஜை! ஆயுசெல்லாம் ஊருக்குக் கோழி வெட்டிப் போட்டாச்சு. சனிக்கிழமையும் நான்தான் பரிமாறணுமா? அவன் மூஞ்சி!” என்று காரில் வரும்போதே ஆரம்பித்தாள். வீடு வந்தும் நிறுத்தவில்லை. மறுநாள் காலையில் என்னை இழுத்துக்கொண்டு துப்பாக்கிக் கடைக்குப் போனாள்.

கடைக்காரன் பிரென்ட் சின்ன வயசுப் பையன். எங்களைப் பார்த்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ரோஜா நிறத்தில் குட்டியாக ஒன்றை எடுத்து வைத்தான்.

“பர்ஸுல வச்சுக்கலாம்மா. திருடன் வந்தா பயப்பட வேணாம்.”

“தம்பி, திருடன் வந்தா அவன்தான் பயப்படணும். எனக்கு இருபத்திரண்டு காட்டு. பெருசா, கனமா.”

“இருபத்திரண்டா? எதுக்கும்மா?”

“சிரிக்கிறதுக்கு” என்றாள் அக்கா.

அவன் விழித்தான். இருபத்திரண்டு என்பது குழல் ரொம்பச் சிறுத்த துப்பாக்கி ரகம், எங்கள் ஊரில் குழந்தைகளுக்குச் சுடக் கற்றுக்கொடுக்க வைத்திருப்பது. தோட்டா பட்டாணி அளவுதான் இருக்கும், உதையும் கிடையாது. ஒன்பது மில்லிக்கு ஒரு பெட்டித் தோட்டா வாங்கும் காசில் இதற்கு நாள் முழுக்கச் சுடலாம். அக்காவுக்கு வேண்டியதும் அதுதான். கணக்குப் பார்த்துக்கொண்டு சுட்டால் அது விளையாட்டே இல்லை என்பாள்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒன்றின் மேல்பகுதியைப் பின்னால் இழுக்க அவள் விரலில் வலு இல்லை, தள்ளி வைத்தாள். இன்னொன்று இறகுபோல் இருந்தது. “காத்தடிச்சா பறந்துடும்” என்று அதையும் தள்ளினாள். மற்றொன்று விலை உயர்ந்த தோட்டா போட்டால்தான் ஒழுங்காக ஓடும் என்றான் பிரென்ட். “அப்ப அது டுவேன் மாதிரி. வேணாம்.” கடைசியில் மூலையில் கிடந்த பழைய இரும்புத் துப்பாக்கி ஒன்றைக் கையில் எடுத்தாள். நீளக் குழல், நல்ல கனம், கைப்பிடியில் யாரோ கீறிய கோடுகள். தோட்டா அடைக்கும் மேகசினின் பக்கவாட்டில் ஒரு சின்னக் குமிழ். அதைக் கட்டைவிரலால் கீழே இழுத்துப் பிடித்தால் தோட்டாக்கள் வலிக்காமல் உள்ளே விழுந்தன. கடைக்குப் பின்னால் கொண்டுபோய், இருப்பதிலேயே மலிவான தோட்டாவாகப் போட்டுச் சுட்டுப் பார்த்தாள். எதைப் போட்டாலும் தின்றது. கை வலிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்கே டுவேனிடம் போய்க் காட்டினாள்.

“பொம்மையைத் தூக்கிட்டு வந்திருக்கியே! இது பட்டா தட்டு நகருமா?” என்றான் அவன்.

“விழுந்தா?”

“மூணு வாரம் கழிச்சுச் சனிக்கிழமை சுட்டுக் காட்டு. ஆறும் விழுந்தா சுடற வரிசையில நில்லு. விழலைன்னா மறுபேச்சுப் பேசாம மேஜைக்குப் போயிடணும். சம்மதமா?”

“ஆறும் விழணும். அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான்.”

அதன்பிறகு என் பாடுதான் திண்டாட்டம். கொல்லையில் வைத்துச் சுடத் தகர டப்பா வேண்டுமென்று தினமும் எனக்கு டப்பாவில் அடைத்த தக்காளி சூப்தான். டப்பா துள்ளும்போதெல்லாம் கெக்கெக்கே என்று சிரிப்பாள். தட்டின் நடுவில் பட்டால் அசையாது, மேல் விளிம்பில் பட்டால் சாயும் என்று கணக்குப் போட்டு, டப்பாவின் மேல் விளிம்பையே பார்த்துச் சுட்டாள். மழை வந்தால் வீட்டுக்குள் பயிற்சி. துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு, தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் ஆளைக் குறிபார்த்துச் சும்மா விசையை இழுப்பாள். டிக், டிக். மழை பெய்யாது என்று அவன் பொய் சொன்ன நாளில் கூடுதலாகச் சுடுவாள். ஒன்பது மில்லியில் அப்படித்தான் காலங்காலமாகப் பழகினாள்.

அங்கேதான் கெட்டது. போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது சுட்ட தோட்டாவின் காலிக் கூடு உள்ளேயே சிக்கிக்கொள்ள ஆரம்பித்தது. பிரென்ட் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

“வெறுமனே அடிச்சீங்களாம்மா? இதுல ஊசி தோட்டாவோட விளிம்பிலதான் அடிக்கும். தோட்டா இல்லைன்னா நேரா இரும்பில போய் இடிக்கும். பாருங்க, தோட்டா உக்கார்ற வாயே நசுங்கியிருக்கு. ராவிச் சரி பண்ணணும். வச்சுட்டுப் போங்க, அடுத்த வாரம் தர்றேன்.”

“கூடு சிக்குது. அவ்வளவுதானே? குண்டு வெளியே போகுதில்ல?”

“போகுது. ஆனா...”

“ஆனாவை நீ வச்சுக்கோ, துப்பாக்கியைக் குடு” என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். காரில் ஏறியதும் அந்த வானிலைக்காரனைத் திட்டினாள் பாருங்கள், காது கொடுத்துக் கேட்க முடியாது.

சனிக்கிழமை டுவேன் தொத்திறைச்சியை முன்கூட்டியே அடுப்பில் அடுக்கி வைத்திருந்தான். மேஜைக்கு வேறு யாரையும் போடவில்லை. எவ்வளவு நம்பிக்கை பாருங்கள் அவனுக்கு!

அக்கா கோட்டில் போய் நின்றாள். முதல் தட்டு மேல் விளிம்பில் பட்டுச் சாய்ந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது விழுந்தபோது கூடு சிக்கியது. கூட்டத்தில் சிரிப்பு. குழலைக் குழிப்பக்கமே நீட்டிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் கோழி வெட்டும் சின்னக் கத்தியை எடுத்து, கூட்டை நெம்பி வெளியே தள்ளினாள். எலும்பு மூட்டுக்குள் கத்தி விட்டுப் பழகியவள் அல்லவா! நான்காவது. திரும்பச் சிக்கியது, திரும்ப நெம்பினாள். ஐந்தாவது.

ஆறாவது தட்டு மட்டும் படும்போதெல்லாம் ஆடியது, விழவில்லை. அது மற்றதைவிடக் கனம் என்று பிறகுதான் தெரிந்தது. மேகசின் காலியானது.

“போதும் லவோன். நல்லா முயற்சி பண்ணுன. வா, மேஜைக்குப் போ” என்றான் டுவேன்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஒரு பெட்டித் தோட்டாவை எடுத்து மேகசினில் போட ஆரம்பித்தாள்.

“என்ன பண்றே?”

“ஆறும் விழணும்னு சொன்னியே, எத்தனை தடவை சுடணும்னு சொன்னியாடா? எனக்கு வேலை ஒண்ணும் இல்ல. தோட்டாவும் மலிவு.”

அக்கா சுட்டாள். சிக்கியது, நெம்பினாள், சுட்டாள். அடுத்த பெட்டியைப் பிரித்தாள். நான் பக்கத்தில் மண்டிபோட்டு மேகசினை நிரப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். முதலில் சிரித்தவர்கள் அடங்கினார்கள். பிறகு ஒருவன் “மேல பாத்து அடி லவோன்!” என்று கத்தினான். அப்புறம் எல்லோருமே கத்தினார்கள். தட்டு ஆடியது, மறுபடி ஆடியது. அந்தக் கனத்தை அவ்வளவு நேரம் தூக்கிப் பிடித்த வலியில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. “விடுக்கா” என்று வாய் வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. ஒரு தோட்டா சரியாக விளிம்பில் போய் உட்கார, தட்டு மெல்லப் பின்னால் சாய்ந்து சரளையில் விழுந்தது.

கூட்டம் போட்ட சத்தத்தில் புகை வாடை யாருக்கும் உறைக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அடுப்பு முழுக்கக் கரும்புகை. டுவேன் தலைதெறிக்க ஓடி இடுக்கியை எடுத்தான்.

அக்கா துப்பாக்கியைக் காலி செய்து மேஜையில் வைத்தாள். வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு, குழி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“மெதுவாத் திருப்பிப் போடு டுவேன். உனக்குத்தான் கை நல்லா இருக்கே!”