துடித்த இரண்டு புள்ளிகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப் போட்டேன். எழுதினால் என் மனைவிக்கு நேர்ந்த அவமானம் இன்னும் நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். போன பிரதோஷத்தன்று மலைக்கோயிலில் நின்றபோது, நாம் பேசாமல் இருப்பதால்தான் பொய் பரவுகிறது என்று மனசில் பட்டது. ஈஸ்வரன் சாட்சியாக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் மனைவி ஓசூரில் கரண்ட் மீட்டர் பூட்டும் கம்பெனியில் லைன் லீடர். செஸ் நன்றாக ஆடுவாள். கம்பெனித் தொழிலாளர்களுக்காகக் கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்த போட்டியில் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டாள். அதுவரை முள் கடிகாரம்தான். இறுதி ஆட்டம் கௌரவமாக இருக்கட்டும் என்று புது டிஜிட்டல் கடிகாரத்தை வைத்தார்கள்.

அதில் இரண்டு பேருக்கும் தனித்தனி எண்கள். ஆளுக்கு எத்தனை நிமிஷம் மிச்சம் என்று காட்டும், அது தீர்ந்தால் தோல்வி; கடைசி நிமிஷம் வரும்வரை வினாடி காட்டாது. யாருடைய நேரம் ஓடுகிறது என்பதற்கு ஒரே அடையாளம், எண்களுக்கு நடுவே இரண்டு புள்ளிகள் துடிப்பதுதான். இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

மீட்டர்கள் வரிசையாக நகர்ந்து வரும் அவள் கம்பெனி லைனுக்கு மேலேயும் ஒரு எண் பலகை உண்டு. லைன் ஓடும்போது அது அசையாமல் எரியும். நின்றுபோனால்தான் துடிக்கும். 'துடிக்குது' என்று ஒருத்தர் குரல் கொடுத்தால் எல்லோரும் கையை எடுத்துவிடுவார்கள்.

அன்றைக்கு ஜெயிக்கிற நிலையில் இருந்தாள். ராணியை நகர்த்திவிட்டு, தன் நேரம் நின்று எதிராளி நேரம் ஓடுவதற்காகக் கடிகாரப் பொத்தானை அமுக்கினாள். அது சரியாக அமுங்கவில்லை. தன் பக்கம் புள்ளிகள் துடிப்பதைப் பார்த்து, தன் நேரம் நின்றுவிட்டது என்று நிம்மதியாகக் கைகட்டிக்கொண்டு, அடுத்து எந்தக் காயை நகர்த்துவது என்று யோசித்தபடி பலகையைப் பார்த்தாள். எதிரில் இருந்தவர் தெரிந்தே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்ப்பவர்களுக்குக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்ற எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் நிமிர்ந்தபோது அவள் பக்கம் எல்லாம் பூஜ்யம். தோல்வி என்று நடுவர் கைகாட்டினார்.

"ஏம்மா, மணி பாக்கத் தெரியாதா?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. ஷிப்ட் முழுக்க எண்களைப் பார்த்தே லைனை ஓட்டுகிறவளைக் கேட்ட கேள்வி அது.

அந்தக் கடிகாரம் பாகலூர் ரோட்டில் ஒரு பட்டறையில் செய்தது என்று விசாரித்துக்கொண்டு போனேன். முதலாளி கன்னடம் கலந்த தமிழில் மரியாதையாகத்தான் பேசினார்.

"துடிச்சா ஓடுதுன்னு அர்த்தம் அண்ணா. நெஞ்சு துடிக்கிதல்ல, அந்த மாதிரி."

"எங்க வீட்டம்மா லைன்ல துடிச்சா செத்துப்போச்சுன்னு அர்த்தமுங்க" என்றேன்.

சிரித்தார். ஓடுகிற பக்கத்துக்கு அடியில் தடித்த கோடு ஒன்று போடுங்கள், வினாடியை முதலிலிருந்தே காட்டுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். எண் காட்டும் கண்ணாடியெல்லாம் மொத்தமாக வாங்கியாச்சு, எல்லாம் விளக்கத் தாளில் இருக்கிறது என்றார். விளக்கத் தாள் பெட்டிக்குள். பெட்டி போட்டி நடத்துகிறவர் பீரோவில். ஆடுகிறவள் கண்ணெதிரே இருப்பது கடிகாரம் மட்டும்தானே? பார்த்தால் புரியாத ஒன்றைச் செய்துவிட்டு, பார்த்தவளைக் குறை சொல்வது என்ன நியாயம்?

பிறகு வந்த கடிகாரங்களில் தடித்த கோடு இருக்கிறது. நான் சொன்னதாலா, வேறு யாராவது இப்படி ஏமாந்ததாலா, தெரியாது. ஆனால் டீக்கடையில் ஒருவர், யாரென்று தெரியாமல் என்னிடமே, மணி பார்க்கத் தெரியாத ஒரு அம்மா ஃபைனலில் வந்து உட்கார்ந்த கதையைச் சொன்னார். இன்னொருவர் சொல்லும்போது அவளுக்கு எழுத்தே தெரியாது என்றாகியிருந்தது.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். சாமி விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"தோத்தது தோத்ததாவே இருக்கட்டுங்க. ஆனா எனக்கு மணி பாக்கத் தெரியும்னு யாராச்சும் சொல்லோணுமில்ல."

அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் பேர் கொடுக்கவில்லை.

அதனால் நான் சொல்கிறேன். படிக்கிறவர்களும் நாலு பேரிடம் சொல்லுங்கள். அவள்தான் ஜெயித்தாள் என்று கூட்டவும் வேண்டாம், ஒன்றும் தெரியாதவள் என்று குறைக்கவும் வேண்டாம். அவள் நேரம் ஓடுவதை அவளுக்குப் புரியும்படி அந்தக் கடிகாரம் காட்டவில்லை, அதனால் தோற்றாள். இதை இப்படியே சொல்லுங்கள், ஒரு சொல்லையும் மாற்றாமல்.