வெள்ளிக்கிழமை வந்த கடிதம்

சண்முகவடிவு ஆழ்வார்பேட்டையில் எனக்குப் பக்கத்துக் குடித்தனம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. புருஷன் வெள்ளைச்சாமி தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றில் புடவை மடித்துப் போட்டவர். ஒரே மகன் வைரவன், அடிதடியில் ஒருவன் மண்டையை உடைத்து ஏழு வருஷம் உள்ளே போய்விட்டான்.

எழுபத்தாறு தை மாசம். வெள்ளைச்சாமிக்கு ஈரல் கெட்டு, டாக்டர் கைவிட்டார். மகன் முகத்தைப் பார்க்கணும், அது ஒன்றுதான் அவர் கேட்டது.

சண்முகவடிவு ஜெயிலுக்குப் போனாள். அடைத்து வைப்பதுதான் எங்கள் வேலை என்றார்கள். கோர்ட்டுக்குப் போனாள். தீர்ப்புச் சொன்னதோடு எங்கள் வேலை முடிந்தது, பரோலில் விடுவது கோட்டையில் மந்திரி கையில் என்றார்கள். கடைசியில் எங்கள் எம்.எல்.ஏ. மந்திரிக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதி அவள் கையில் கொடுத்தார். அன்று வெள்ளிக்கிழமை.

"அக்கா, இப்பமே கோட்டைக்குப் போயிட்டு வந்துரட்டா?"

"வெள்ளிக்கெழம வூட்டுக்கு வந்தத அன்னிக்கே வெளிய குடுப்பாங்களா? லட்சுமி போய்டுவா. நாளைக்கு சனி, ஆவாது. திங்கக்கெழம குடு" என்றேன் நான்.

சனிக்கிழமை டில்லியிலிருந்து உத்தரவு வந்தது. ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். சட்டசபையும் போயிற்று.

திங்கட்கிழமை இரண்டு பேரும் கோட்டைக்குப் போனோம். வாசலில் டவாலி போட்ட சேவகன் சிரித்தான்.

"மந்திரியா? எந்த மந்திரி கீறாரு? இனிமே எல்லாம் கவர்னர்தான்."

"இதுல எம்.எல்.ஏ. கையெழுத்து இருக்கே, ஐயா."

"அவரும் இப்ப உன்ன மாதிரிதான்மா. புது மனு எழுதினு வா."

எழுதிக் கொடுத்தோம். அது மேஜை மேஜையாக நடந்தது. பதினோராம் நாள் வெள்ளைச்சாமி போய்விட்டார். கொள்ளி வைத்தது அவள் தம்பி. பத்தொன்பதாம் நாள் உத்தரவு வந்தது: தகப்பனைப் பார்த்துவர மூன்று நாள்.

வெள்ளிக்கிழமையே கொடுத்திருந்தாலும் மந்திரி அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். சண்முகவடிவு கேட்கவே இல்லை.

வைரவன் இரண்டு போலீசுக்கு நடுவில் வந்து, அப்பா படுத்திருந்த பாயில் உட்கார்ந்தான்.

"எம்.எல்.ஏ. காயிதம் குடுத்தாராமே, மாமா சொன்னாரு. அத முன்னாடியே குடுத்திருக்கக் கூடாதாம்மா?"

நான் அவனுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

"ஆட்சி போன பொறவுதாம்ல அது கையிலயே கெடச்சுது" என்றாள் சண்முகவடிவு, என் பக்கம் திரும்பாமல்.