உடலின் எந்தப் பாகமும்

என் மனைவியுடன் பிறந்தவர்கள் இரண்டு பேர். பெரியவரைத் தெருவில் வாதி என்பார்கள், சின்னவரைப் பிரதிவாதி என்பார்கள். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர்கள் இருவருக்கும் உண்டு. அவை இப்போது சம்மனில் மட்டும்தான் புழக்கத்தில் இருக்கின்றன.

பெரியவருக்குத் தையல் மெஷின் பழுது பார்க்கும் தொழில். வீட்டுக் கூடத்தின் முன்பாதிதான் பட்டறை. சுவரில் ஆணியடித்து பெல்ட்டுகள் தொங்கும், எண்ணெய் வாடை வாசல் வரைக்கும் வரும். கை சுத்தமான கை, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் சாட்சி இல்லாமல் ஒரு மெஷினையும் திறக்க மாட்டார். தெருவோடு போகிறவரைக் கூப்பிட்டு நிறுத்தி, "நல்லா பாத்துக்கங்க, ஊசி ஏற்கெனவே வளைஞ்சிருக்கு, நான் வளைக்கல" என்று காட்டிவிட்டுத்தான் திருப்புளியை எடுப்பார். அவசரமாக பஸ் பிடிக்கப் போனவர்கள் எத்தனையோ பேர் அந்த ஊசியைப் பார்த்து பஸ்ஸைக் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

மீசையை ஒரு பக்கம் குறைத்துவிட்டான் என்று முடிதிருத்துபவர் மேல் ஒரு வழக்குப் போட்டார். எதிர்வீட்டு நாய் தன்னைக் குறிவைத்து முறைக்கிறது என்று நாயின் சொந்தக்காரர் மேல் இன்னொன்று. மனசு நொந்தால் மற்றவர்கள், மேலே இருக்கிறவன் பார்த்துக்கொள்வான் என்று வானத்தைக் காட்டுவார்கள். எங்கள் மச்சானும் மேலேதான் கை காட்டுவார். அவர் சொல்வது மேல் கோர்ட்டை. கடவுள் பக்தி இல்லாதவர் என்று சொல்லிவிடாதீர்கள், தினமும் கும்பிடுவார். கடவுளைத் தன் தரப்புச் சாட்சியாக வைத்திருந்தார், அவ்வளவுதான்.

சின்னவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். கூடத்தின் பின்பாதி அவர் குடும்பத்துக்கு. நாளெல்லாம் பிள்ளைகள் போடும் கூச்சலைக் கேட்டுவிட்டு வந்து, சாய்வு நாற்காலியில் விழுந்து காலை நீட்டுவார். கால் கொஞ்சம் நீளம். ஒருநாள் அது அண்ணன் அரும்பாடுபட்டுச் சரிசெய்து வைத்திருந்த மெஷினில் இடித்துவிட்டது. வார்த்தை தடித்தது. வாடிக்கையாளர்கள் முன்னாலேயே தம்பி, "உனக்கு மரை கழண்டுடுச்சு அண்ணே" என்று சொல்லிவிட்டார். யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்ற யோசனை வேண்டாமா? ஊருக்கெல்லாம் மரை மாட்டிக் கொடுக்கிற மனிதர் அவர்.

மறுநாளே வழக்கு. தம்பியும் சும்மா இருக்கவில்லை, மெஷின் சத்தத்தில் தூக்கம் போகிறது என்று எதிர்வழக்குப் போட்டார். இரண்டு பேருமே என்னைத்தான் சாட்சியாகப் போட்டார்கள். இந்த வீட்டில் பெண் எடுத்த பாவம், இரண்டு கூண்டிலும் ஏறி இறங்கினேன்.

கோர்ட்டிலிருந்து ஓர் ஆணையர் வந்து டேப் பிடித்துக் கூடத்தை அளந்தார். நடுவில் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு விழுந்தது. ஒருவர் பக்கம் மற்றவர் போகக்கூடாது என்று உத்தரவு தயாரானது. பெரியவருக்கு அது போதவில்லை. ஆள் தாண்டாமல் கால் மட்டும் தாண்டினால் என்ன செய்வது? வக்கீலை அரித்தெடுத்து, "உடலின் எந்தப் பாகமும் கோட்டைத் தாண்டலாகாது" என்று சேர்க்க வைத்தார். அன்றைக்குத் தெருவுக்கே இனிப்புக் கொடுத்தார். அந்த வரியை எனக்குப் படித்துக் காட்டியபோது, பிள்ளை முதல் மார்க் வாங்கிய தகப்பன் மாதிரி இருந்தது அவர் முகம். சின்னவர் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

வருஷங்கள் ஓடின. வழக்கு ஓடவில்லை, வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. சின்னவருக்கு ஈரல் கெட்டுப்போய், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். உள்ளறையில் காற்று வராது என்பதால் கூடத்திலேயே கட்டில் போட்டார்கள். அன்றிலிருந்து பெரியவர் மெஷின் எதையும் ஓட்டவில்லை. பெல்ட் வரத்து இல்லை என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். சுவர் நிறைய பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிலைமை மோசமானது. போய்ப் பாருண்ணே என்று என் மனைவி கத்தினாள். தாண்டினால் கோர்ட் அவமதிப்பு, தான் வாங்கிய ஆர்டரைத் தானே மீறினால் இத்தனை வருஷ வழக்கும் போச்சு, வக்கீலைக் கேட்டாயிற்று, திங்கட்கிழமை மனு போட்டு அனுமதி வாங்கிவிடலாம் என்றார் அவர். கோர்ட்டுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை உண்டு. சாவுக்கு அந்த வசதி கிடையாது என்று அந்த வக்கீல் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

சின்னவர் கட்டிலைக் கோட்டருகே நகர்த்தச் சொன்னார். பெரியவர் தன் முக்காலியை இந்தப் பக்கம் கோட்டோரம் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, எனக்கு வேற இடத்துல விசாரணைக்குக் கூப்பிட்டாச்சு. அங்க வாய்தா தர மாட்டாங்க" என்றார் தம்பி. மூச்சு வாங்கியது. "மரை கழண்டுதுன்னு நான் சொன்னது தப்புதான். ஒருதடவ கையப் புடி."

கை நீண்டது. கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றது. சாகக் கிடக்கும்போதும் அந்த மனிதர் அண்ணன் வாங்கிய ஆர்டரை மதித்தார்.

பெரியவரின் கை மடியிலிருந்து எழும்பியது. பிறகு இறங்கிவிட்டது. "திங்கட்கிழமை ஆர்டர் வந்துடும்டா. சட்டப்படியே வந்து புடிக்கிறேன். அதுவரைக்கும் பொறுத்துக்க."

பிடரியில் ஒன்று போட்டு அந்தப் பக்கம் தள்ளலாமா என்று வந்தது எனக்கு. என் மனைவிதான் ஓடிப்போய் அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை கோர்ட் கதவு திறக்கும்போதே நாங்கள் வாசலில் நின்றோம். மத்தியானத்துக்குப் பிறகுதான் கூப்பிட்டார்கள். நீதிபதி மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பெரியவரைப் பார்த்தார்.

"நீங்க கோட்டத் தாண்டினா இங்க வந்து புகார் குடுக்க வேண்டியவர் உங்க தம்பிதானே? அவர் குடுத்திருப்பாரா?"

எதற்கும் எதிர்வாதம் வைத்திருக்கும் எங்கள் மச்சான், கையிலிருந்த மனு நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை, மனிதாபிமான அடிப்படையில், கோட்டைத் தாண்ட அனுமதி கிடைத்தது.

நாங்கள் வீட்டுக்கு வரும்போது கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். மத்தியானமே முடிந்துவிட்டிருந்தது. பெரியவர் கோட்டருகே வந்ததும் பழக்கதோஷத்தில் நின்றார். அனுமதியைக் காட்ட யாராவது இருக்கிறார்களா என்று சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டே பார்த்தார்.

"உள்ள வாங்க" என்றார் சின்னவரின் மனைவி. "இனிமே ஆட்சேபணை சொல்ல இங்க யாரும் இல்ல."

அவர் தாண்டினார். தம்பியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, தப்பு என் மேலதான்டா, என் மேலதான்டா என்று சின்னப் பிள்ளைபோல ஏங்கி ஏங்கி அழுதார். எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் அங்கேயே வடிந்துவிட்டது.

அந்நேரம் பார்த்து வக்கீல் போன் செய்தார். வருத்தம் சொல்லிவிட்டு, நேராகத் தொழிலுக்கு வந்தார். எதிர்த்தரப்பு இறந்தாலும் வழக்கு சாகாதாம். மனைவியையும் மகனையும் பிரதிவாதிகளாகச் சேர்த்து அப்படியே நடத்தலாமாம், அதற்கு ஒரு மனு மட்டும் போட்டால் போதுமாம். பக்கத்தில் நின்ற எனக்கே எல்லாம் கேட்டது.

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிஜமாகவே சந்தேகம் கேட்பவர்போல மெதுவாகக் கேட்டார்.

"சார், என் தம்பி என்ன மன்னிச்சுட்டான்னு ஒரு ஆர்டர் வேணும். அதுக்கு எந்தக் கோர்ட்ல மனு போடணும்?"

பெரியவர் போனைக் காதோடு வைத்துக்கொண்டு, தம்பி கையை விடாமல், வக்கீலின் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.