கன்வர்ட்டருக்குச் சொன்ன பொய்

டாக்டரிடம் பொய் சொல்லலாம். ரத்தப் பரிசோதனை எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும். கார் மெக்கானிக்கிடம் அந்த வசதி கிடையாது. நாம் சொன்னதை அப்படியே நம்பி, அதற்கேற்ற சாமானைப் பூட்டிக் கையில் கொடுத்துவிடுவார். ஐம்பத்தெட்டு வயதில் இதைக் கிண்டி தொழிற்பேட்டையில் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஆட்டோமேட்டிக் காரை வாங்கியதே மனைவிக்காகத்தான். அவளுக்கு இடது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனபிறகு கிளட்ச் மிதிக்க முடியவில்லை. இருந்த காரை விற்று, யாரோ ஓட்டித் தேய்த்த ஆட்டோமேட்டிக் ஒன்றை வாங்கினோம். அதில் அவளுக்குப் பிடித்தது ஒரே விஷயம்: பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாக நகரும். ஆக்சிலரேட்டர் பக்கமே போகாமல், பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, மந்தைவெளியில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இரண்டு தூணுக்கு நடுவே அலுங்காமல் கொண்டுபோய் நிறுத்துவாள். அது என்னால் முடியாது. முடியாது என்று இப்போது எழுதுகிறேனே தவிர, வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.

போன மழையில், டிவிக்காரர்கள் தொண்டை கிழியக் கத்தியும் கேட்காமல், நான் அந்தக் காரை வேளச்சேரியில் சகலை வீட்டுக்கு எடுத்துப்போனேன். மூன்று நாள் பம்பர் வரை தண்ணீரில் நின்றது. பிறகு ஓட்டினால் ஜன்னி வந்ததுபோல் உதறியது. கிண்டியில் கியர்பாக்ஸை மட்டும் பார்க்கிற ஒரு பாயிடம் கொண்டுபோனேன். அடியில் நட்டைக் கழற்றினார். எண்ணெய் ரோஸ்மில்க் நிறத்தில் கொட்டியது. வெட்கமில்லாமல் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"தண்ணி பூந்துருச்சு சார். பாக்ஸ க்ளீன் பண்ணிடலாம். கன்வர்ட்டர் காலி," என்றார் பாய்.

டார்க் கன்வர்ட்டர் என்பது மூடி போட்ட இட்லிக் குண்டான் மாதிரி இருக்கும். உள்ளே எண்ணெய், எதிரெதிரே இரண்டு விசிறி. ஒன்றை எஞ்சின் சுழற்றும்; அது தள்ளுகிற எண்ணெய் மற்றதைச் சுழற்றி வண்டியை நகர்த்தும். பாயின் அலமாரியில் எங்கள் கியர்பாக்ஸுக்குப் பொருந்துகிற இரண்டு குண்டான்கள் இருந்தன. ஒன்று பெரியது, எங்கள் காரில் இருந்த அதே அளவு. மற்றது சற்றுச் சின்னது. பெரியது எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே பிடித்துக்கொள்ளும். சின்னதுக்கு எஞ்சின் நன்றாக உறுமினால்தான் பிடி கிடைக்கும், ஆனால் பிடித்தால் வண்டி பாயும்.

பாய் ஒரு அட்டைத் துண்டையும் பென்சிலையும் எடுத்தார். கேட்டு எழுதாமல் எந்த அளவையும் அவர் தொடமாட்டாராம்.

"வண்டிய யார் சார் ஓட்றது?"

"நான்தான்."

"எங்க ஓட்டுவீங்க?"

"ஈ.சி.ஆர். வாராவாரம்."

"எவ்ளோ பேர் உக்காருவாங்க?"

"நாலு பேர். எப்பவும் ஃபுல்."

மூன்றும் பொய். ஈ.சி.ஆர். நெடுஞ்சாலைக்குக் கடைசியாகப் போனது ஒரு கிரகப்பிரவேசத்துக்கு. ஆனால் நான் ஒரு காலத்தில் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவன். இரண்டு அரியரோடு தேறி, முப்பது வருஷம் இன்சூரன்ஸ் ஆபீசில் கோப்பு கட்டியவன். 'மனைவி ஓட்டுகிற வண்டி, ஸ்கூலுக்கும் கோயிலுக்கும் போகும்' என்று பாயிடம் சொல்ல வாய் வரவில்லை.

"நாலு பேர இழுத்துக்கினு சட்டுனு கிளம்பணும்னா சின்னது போடலாம். ஆனா சிட்டிக்கு ஆவாது சார். ஊர்ந்துக்கினே போனா சூடாயிடும், பிரேக்க வுட்டா நவராது. நல்லா யோசிச்சுக்கோ."

"சின்னதே போடுங்க," என்றேன்.

வண்டி கைக்கு வந்த மறுநாள் தி.நகரில், பனகல் பூங்கா சிக்னலில் பச்சை விழுந்தது. எஞ்சின் ஊரைக் கூட்டியது. வண்டி நகரவில்லை. பக்கத்து ஷேர் ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "இன்னா நைனா, வண்டி அழுவுது?" என்று கேட்டார். நான் ஜன்னலை ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கீழ்த்தளத்தில் மனைவி ஓட்டினாள். நான் பக்கத்து சீட்டில். பிரேக்கை விட்டாள், வண்டி அசையவில்லை. காத்திருந்தாள். பிறகு, பழக்கமே இல்லாத ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தாள். உறுமியது. இன்னும் கொஞ்சம் மிதித்தாள். பாய்ந்துபோய்த் தூணில் இடித்தது. நான் செய்த உதவி, "பிரேக், பிரேக்" என்று கத்திக்கொண்டு இரண்டு காலாலும் தரைவிரிப்பை மிதித்தது.

மேலே வந்து சாவியை ஃப்ரிட்ஜ் பக்கத்து ஆணியில் மாட்டினாள்.

"இனிமே நான் ஓட்டல. ஒரு கால் போனா இன்னொண்ணும் கூடவே போயிடும் போல. அளவே தெரியல. ஆட்டோல போய்க்கறேன்."

அவள் கால்மேல் பழி போட்டுக்கொண்டாள். குற்றம் கால்மேல் இல்லை, நான் தேர்ந்தெடுத்த குண்டான்மேல் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். சொல்லவில்லை. இரண்டு வாரம் சொல்லவில்லை. கோழைத்தனத்துக்கு வேறு பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அடையாறில் ஒரு பள்ளியில் அவள் கெமிஸ்ட்ரி டீச்சர். தினமும் காலையில் வாசலுக்கு ஆட்டோ வரும். ஒருநாள் பால்கனியிலிருந்து பார்த்தேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் இடது காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். ஆட்டோக்காரர் பொறுமையாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அன்று மாலை சொல்லிவிட்டேன். "உன் கால்ல ஒண்ணுமில்ல. பாய்கிட்ட நான்தான் தப்பா சொல்லி, தப்பான சைஸ் போட்டுட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

மூன்று பொய்யையும் வரிசையாக ஒப்பித்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சனிக்கிழமை நானும் வரேன்," என்று மட்டும் சொன்னாள்.

கிண்டிக்கு நான்தான் உறுமிக்கொண்டே ஓட்டிப்போனேன். பாய் பழைய அட்டையைத் தேடி எடுத்துத் திருப்பினார். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

"வண்டிய யாரும்மா ஓட்றது?"

"நான்."

பாய் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"எங்க ஓட்டுவீங்க?"

"காலைல அடையாறு, ஸ்கூல் டிராஃபிக்ல. வெள்ளிக்கிழமை மயிலாப்பூர் மாட வீதி. வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் பெசன்ட் நகர். பீச் ஓரமா நிறுத்திட்டு ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருப்பேன்."

பெசன்ட் நகர் எனக்குச் செய்தி. வாரத்தில் இரண்டு நாள் ஸ்டாஃப் மீட்டிங் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தாள். அந்தப் பள்ளியில் என்னதான் இவ்வளவு பேசுகிறார்கள் என்று நான் வியந்ததுண்டு.

"எவ்ளோ பேர் உக்காருவாங்க?"

"நான் மட்டும்."

"சார்?"

"அவர் பக்கத்துல உக்காந்தா எனக்கு ஓட்ட வராது."

கோபமாகச் சொல்லவில்லை. லேபில் அமிலத்தின் அளவைச் சொல்கிற குரலில் சொன்னாள். பாய் 'ஒன்று' என்று எழுதி அடியில் கோடு போட்டார். "பெருசுதான்மா. உங்க பழைய சைஸே," என்றார். அந்தக் கோடு எனக்கு வலித்தது.

அடுத்த சனிக்கிழமை வண்டி தயார். பட்டறை முற்றத்தில் அவள் ஏறி உட்கார்ந்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. இரண்டு கார்களுக்கு நடுவே பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் வந்து நிறுத்தினாள். ஆக்சிலரேட்டரைத் தொடவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். அதிலிருந்த சிரிப்பு எனக்கானது இல்லை என்றாலும் சந்தோஷமாக இருந்தது.

பழக்க தோஷத்தில் இடது பக்கக் கதவைத் திறந்தேன். பிறகு மூடினேன்.

"நான் பஸ்ல வந்துடறேன்," என்றேன்.

பேச்சுக்காவது 'ஏறுங்க' என்பாள் என்று ஒரு நொடி நின்றேன். "சரி," என்றாள்.

இரண்டு பஸ் மாறி, பாதி வழி நின்றுகொண்டே வந்து மந்தைவெளியில் இறங்கும்போது மணி ஆறு. கீழ்த்தளத்துக்குப் போய்ப் பார்த்தேன். தூண்களுக்கு நடுவே இடம் காலியாக இருந்தது. ஸ்டாஃப் மீட்டிங் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மேலே போய்க் காபி போட்டேன்.