ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால்

அண்ணன் மகள் வேலைக்குப் போயிருப்பது ஐரோப்பாவில் ஒரு பழைய நகரம். தெருவுக்குத் தெரு கால்வாய் ஓடும் ஊர். பெயர் இன்னும் என் வாயில் சரியாக நுழையவில்லை. அந்த ஊரை நிதானமாக நடந்து பார்க்க ஏற்ற வழிகள் என்று யாரோ தொகுத்திருந்த ஒரு பக்கத்தைப் போன வாரம் போனில் அனுப்பியிருந்தாள். எந்தப் பாலத்தில் ஏறி எந்தப் படியில் இறங்குவது, எங்கே பெஞ்சு கிடக்கிறது, முழங்கால் வலிக்காரர்கள் எந்த இடத்தோடு திரும்பிவிடலாம் என்பதுவரை எழுதியிருக்கிறார்கள். கீழே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாள்: "நம்ம போடியில இந்த மாதிரி நடக்க எடம் இருந்துச்சா சித்தப்பா?"

இருந்தது. அதைப் பற்றி என்னைப் போல எழுதி வைத்தவன் ஊரில் வேறு யாரும் இல்லை. அதுதான் வினையாகிப் போனது.

இதைப் படித்துக்கொண்டே குடித்த டீயில் ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தார்கள். ஏலக்காய் வாசனை மற்றவர்களுக்குப் பாயசத்தை நினைவூட்டலாம். எனக்கு சாக்குத் தூசியைத்தான் நினைவூட்டும். படிப்பு முடிந்த கையோடு ஓர் ஏலக்காய்க் கடையில் சேர்ந்திருந்தேன். மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் காயைப் பெண்கள் தட்டில் பரப்பித் தரம் பிரிப்பார்கள். பிரித்த மூட்டைகளுக்குச் சீட்டு எழுதித் தைக்கக் கொடுப்பது என் வேலை. சட்டையைத் துவைத்தாலும் வாசனை போகாது. பஸ்சில் பக்கத்தில் உட்காருகிறவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், "கடையா, எஸ்டேட்டா?" என்று கேட்பார்.

திங்கள் முதல் சனி வரை கடை. ஞாயிறு விடுமுறை. அன்று காலை வாய்க்கால் கரையில் நடப்பேன். ஆற்றுப் பக்கம் மடையில் தொடங்கி, ஊருக்குள் வீடுகளின் பின்வாசல்களைத் தொட்டுக்கொண்டு, துவைகற்களையும் இரண்டு பலகைக்கல் பாலங்களையும் தாண்டி, சிலமலைப் பக்கம் பூந்தோட்டங்களில் வாய்க்கால் முடியும் இடம்வரை. ஏற்றமே கிடையாது. மேற்கே போடிமெட்டு மலையில் மேகம் எந்த வளைவுவரை இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். பின்வாசல் வழியாக ஒரு ஊரைப் பார்ப்பது தனி சுகம். முன்வாசலில் கோலம் போட்டு வைத்திருக்கிற வீடு பின்வாசலில் என்ன கொட்டி வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

எனக்குச் சிறு வயதிலிருந்தே தேதிப் பித்து. கையில் ஒரு நோட்டு இருக்கும். தேதி, கிளம்பிய நேரம், எத்தனை எட்டு நடந்தேன், எந்த வீட்டில் புதுப் படி கட்டியிருக்கிறார்கள், எந்தப் புங்கமரம் பூத்திருக்கிறது, எல்லாம் எழுதுவேன். இந்தக் கட்டுரையில் ஒரு தேதிகூட இல்லையே என்று என்னைத் தெரிந்தவர்கள் நினைக்கலாம். நோட்டுகள் என்னிடம் இல்லை. ஆனால் அவற்றில் வாரம் தவறாமல் வந்த ஒரு வரி மனப்பாடம்: "வாய்க்கால் வறண்டு கிடக்கிறது. உள்ளே இறங்கி மணலில் நடந்தேன்."

ஏன் வறண்டு கிடந்தது என்றால், ஆற்றுத் தண்ணீரை இரண்டு வாய்க்கால்கள் முறை வைத்துப் பங்கிட்டுக்கொண்டன. சனிக்கிழமை பொழுது சாய எங்கள் மடையை அடைத்து அடுத்த வாய்க்காலுக்குத் திருப்புவார்கள். திங்கள் விடிய மறுபடி எங்களுக்கு. ஊரில் கைப்பிள்ளையைத் தவிர அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் நான் அதை எழுதவே இல்லை.

வாய்க்கால் முடியும் இடத்தில் பேச்சியம்மாளின் தோட்டம். அரை ஏக்கர் கனகாம்பரமும் மல்லிகையும். கிணறு கிடையாது, வாய்க்கால் தண்ணீரை நம்பித்தான் பூ, பூவை நம்பித்தான் அவளும் இரண்டு பெண் பிள்ளைகளும். புருஷன் இறந்தபின் அவளே மண்வெட்டி பிடித்துத் தண்ணீர் கட்டினாள். ஞாயிறன்று களை கொத்திக்கொண்டிருப்பவள், என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து இடுப்பில் கைவைத்துக்கொள்வாள்.

"சோலி இல்லாம நடக்குறது ஒரு சோலி. அத நோட்டுல எழுதுறது இன்னொரு சோலியாண்ணே?"

எந்த வீட்டு நாய் குரைத்தது என்றும் எழுதியிருக்கிறேனா என்று கேட்பாள். உண்மையில் எழுதியிருந்தேன்; நோட்டை மூடிக்கொள்வேன். ஒருநாள், தன்னைப் பற்றி எழுதியிருக்கிறேனா என்று கேட்டாள். ஊர் விஷயம் மட்டும்தான் எழுதுவேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "அப்ப நான் எந்த ஊராம்?" என்று சிரித்துவிட்டுக் குனிந்து வேலையைப் பார்த்தாள்.

வார நாட்களில் அவள்தான் எங்கள் கடைச் சாமி படங்களுக்குப் பூக் கொண்டுவருவாள். தோட்டத்திலிருந்து குறுக்கு வழியில் வந்து, ஊருக்குள் வாய்க்காலில் இறங்கி ஏறினால் கடைத்தெரு. முழங்கால்வரை நனைந்த சேலையோடு படியேறுவாள். சிமெண்டுத் தரையில் ஈரப் பாதங்கள் வாசலிலிருந்து படம்வரை வரிசையாகப் பதியும். ஈரம் பட்டால் காய் நிறம் மாறிவிடும் என்று முதலாளி தினமும் கத்துவார். நான் சாக்கைப் போட்டுத் துடைப்பேன்.

பிறகு நகராட்சியில் ஒரு திட்டம் வந்தது. வாய்க்காலைச் சிமெண்டுப் பலகை போட்டு மூடி, மேலே வரிசையாகக் கடைகள் கட்டுவது. தண்ணீரே ஓடாத வாய்க்கால் எதற்கு என்றார்கள் கடை வேண்டியவர்கள். ஆட்சேபம் இருந்தால் வந்து சொல்லலாம் என்று ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். அதற்கு முந்தின நாள் பேச்சியம்மாள் பூக்கூடை இல்லாமல் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, அந்த நோட்டையெல்லாம் வெரசா எடுத்து வைங்க. அவுக எழுத்து கேக்குறாக. எங்களுக்கு ஏது எழுத்து? நீங்கதான் வருசக்கணக்கா எழுதி வச்சிருக்கீகள்ல."

அன்று மாலை நோட்டுகளுக்கெல்லாம் காக்கி அட்டை போட்டேன். வரிசை எண் ஒட்டினேன். மூலை மடிந்த தாள்களை நீவி விட்டேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் படித்துப் பார்க்கவில்லை.

கூட்டத்துக்கு வந்த அதிகாரி பொறுமையான மனிதர். நோட்டைப் புரட்டி, இவ்வளவு ஒழுங்காக எழுதியதைப் பார்த்ததே இல்லை என்று மனதாரப் பாராட்டினார். நானும் கூச்சத்தோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகு தேதி வாரியாகச் சத்தமாக வாசித்தார். வறண்டு கிடக்கிறது. வறண்டு கிடக்கிறது. மூன்றாவது நோட்டை எடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

"அது ஞாயித்துக்கெழமைங்க. மடைய மாத்தி விடுற நாளு" என்றேன்.

"அப்படின்னு இதுல எங்க எழுதியிருக்கு?"

எங்கேயும் இல்லை. மற்ற நாட்களில் தண்ணீர் ஓடியதற்கு என்ன எழுத்து இருக்கிறது என்று கேட்டார். அதுவும் இல்லை. தோட்டக்காரர்கள் எழுந்து ஆளாளுக்குச் சொன்னார்கள். சொன்னதெல்லாம் வாய்ப்பேச்சு, என்னுடையது எழுத்து. பின்வரிசையில் கடை கேட்டவர்களில் ஒருவர், "அட, நம்ம ஆளுதாம்ப்பா" என்றார். மண்டபம் சிரித்தது.

வெளியே வேப்பமரத்தடியில் பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். குரல்கூட உயரவில்லை.

"ஆறு நாளும் ஈரக்காலோட ஒங்க கடையில ஏறுனனே. அத எங்கயும் எழுதலையாண்ணே?"

அடுத்த கோடைக்குள் வாய்க்காலை மூடிவிட்டார்கள். கனகாம்பரம் நின்றபடியே கருகியது. அவள் தோட்டத்தை விற்றாள் என்று கேள்விப்பட்டேன். கொஞ்ச நாள் கழித்து, காலையில் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் இடத்தில் அவளைப் பார்த்தேன். போடிமெட்டு போகும் ஜீப்பின் பின்பக்கம், நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்களோடு, மடியில் தூக்குவாளி. நான் பார்க்காததுபோல் கடந்துவிட நினைத்தேன். அவள் விடவில்லை.

"அண்ணே, இன்னைக்குத் திங்கக்கெழம. நோட்டு எங்க?"

மற்ற பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஜீப்பு கிளம்பிவிட்டது. அதன்பிறகு நான் நோட்டு வாங்கவில்லை.

இப்போது அந்த வழியே போனால் செருப்புக் கடை, செல்போன் கடை, பரோட்டாக் கடை. பலகை இடுக்கிலிருந்து வரும் நாற்றம்தான் கீழே ஏதோ இருக்கிறது என்பதற்கு அடையாளம். துவைகல்லும் புங்கமரமும் இல்லை. பின்வாசல்களைச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். நான் வேலை பார்த்த கடையில் டைல்ஸ் போட்டிருக்கிறார்கள்; அதில் ஈரக்காலோடு ஏறி வர ஆள் இல்லை. அண்ணன் மகளுக்கு இன்னும் பதில் போடவில்லை.

என் நோட்டுகளை அன்றைக்கே கோப்போடு சேர்த்துக்கொண்டார்கள். திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஏதாவது ஓர் அலமாரியில் இருக்கும். போடியில் இப்படி ஒரு வாய்க்கால் ஓடியதா என்று பின்னாளில் யாராவது தேடிப் போனால், அவர் கையில் கிடைக்கப்போவது அதுதான். நல்ல கையெழுத்து. அடித்தல் திருத்தல் ஒன்று கிடையாது. நம்பிவிடுவார்.