எண்ணெய் தடவியும் வழுக்காத பாறை

கம்ப்யூட்டரில் ஒரு பாறைச் சரிவு அசையாமல் நின்றால் ஆபீஸில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் சந்தேகம் வரும். பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸிலிருந்து நாங்கள் தரும் பாறை ஆய்வு அறிக்கைகளில் கடைசிக் கையெழுத்து என்னுடையது. கையெழுத்துப் போடுகிறவளுக்குச் சந்தேகம் இல்லாவிட்டால் வேறு யாருக்கு இருக்கும்?

ஒருமுறை ஆய்வுக்கு வந்தது, புதிய அபார்ட்மெண்ட் ஒன்றின் பின்னால் செங்குத்தாக வெட்டி நிறுத்திய கருங்கல் குன்று. உடம்பெல்லாம் விரிசல். விரிசல்களை அளந்து, பாறையைத் துண்டு துண்டாகக் கம்ப்யூட்டரில் அடுக்கி, மழைத்தண்ணீரை உள்ளே விட்டு, எது நழுவும் என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. மாடலைச் செய்தவன் என்னோடு வேலை பார்த்த இன்ஜினியர். நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன்.

"ஒண்ணும் ஆகலக்கா. கல்லு மாதிரி நிக்குது லா," என்றான்.

ஒரு துண்டுகூட மயிரிழை நகரவில்லை. அடப்பாவி, தண்ணீர் ஊறிய பாறை கொஞ்சமாவது முனக வேண்டாமா?

போதாததற்கு, சாப்பாட்டு நேரத்தில் எங்கள் டிராஃப்ட்ஸ்மேன் அண்ணன் ஒன்றைப் போட்டு உடைத்தார். அதே அபார்ட்மெண்டில் தம்பி வீடு எடுத்திருக்கிறானாம், பாறைப் பக்கத்து யூனிட். எனக்குச் சுருக்கென்றது. கட்டியவர்களே சும்மா கொடுத்திருப்பார்களோ? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். இவன் ஏன் வாயைத் திறக்கவில்லை? அதன்பிறகு அவன் போன் பேசும்போதெல்லாம் வெட்கமில்லாமல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அவன் டீ குடிக்கப் போனதும் மாடலைத் திறந்து, விரிசல்களின் உராய்வை முழுக்க எடுத்துவிட்டேன். பாறைக்கு எண்ணெய் தடவிய மாதிரி. இனி அது சரிந்தே தீர வேண்டும். ஓட்டினேன். அப்போதும் அசையவில்லை! கள்ளன் அகப்பட்டான் என்று நினைத்தேன்.

"யார் சொல்லி இப்படிப் பண்ண? ஒழுங்கா சொல்லு," என்று அவன் வந்ததும் கத்தினேன்.

"என்னக்கா சொல்றீங்க?" முகம் வெளுத்து உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே போனான். ஒரு வரியில் நின்றான். மாடலின் ஓரங்கள் நகராதபடி கட்டிவைப்பது வழக்கம். இவன் எல்லையைக் கொஞ்சம் அகலமாகக் கொடுத்ததில் பாறையின் முகப்பும் சேர்ந்து கட்டுப்பட்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத கை ஒன்று முன்னாலிருந்து தாங்கிக்கொண்டிருந்தது.

"அலாமா, தப்பு பண்ணிட்டேன்க்கா," என்றான்.

உராய்வைப் பழையபடி வைத்து, முகப்பை மட்டும் விடுவித்து ஓட்டினான். ஆப்பு போன்ற துண்டு ஒன்று மெதுவாக நழுவியது. அப்புறம் கடகடவென்று இறங்கியது. வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"பண்டமாரான்லேர்ந்து அம்மாவக் கூட்டிட்டு வந்து அங்கதான்க்கா வச்சிருக்கேன். வாடகைக்கு எடுத்தேன், இந்த மாடல நம்பி."

லஞ்சம் வாங்கியவன் பெற்றவளை அந்தப் பாறையடியில் குடிவைக்க மாட்டான். பாவி, நீ திருடனாகவே இருந்திருக்கலாமே என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

போனை ஸ்பீக்கரில் போட்டு, "அம்மா, அடுப்ப அணைச்சிட்டு உடனே கீழ இறங்கி ரோட்டுக்கு வாங்க," என்றான்.

"மழை வருது, எங்கடா போறது? மலை ஒண்ணும் பண்ணாதுன்னு நீதானே கணக்குப் போட்டுச் சொன்ன?"

நான்தான் போனை வாங்கினேன்.

"ஆன்டி, கணக்கு தப்பு. இறங்குங்க."