பட்டாசு வேனில் ஒரு குதிரைக் கதை

அந்தச் சனிக்கிழமை வேனில் இருந்தவர்கள்: பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பன்னிரண்டு பெண்கள், அவர்களில் ஒருத்தியாக என் அம்மா, டிரைவர், பிறகு நான். வராதவர் ஒருவர்தான். முன் சீட்டில் உட்கார்ந்து நேரத்தைச் சொல்லிச் சொல்லி டிரைவரை விரட்டும் எங்கள் தெருப் பெரியம்மா. நேர்த்திக்கடன் செலுத்த இருக்கன்குடிக்குப் போயிருந்தார். அவர் வந்திருந்தால் வண்டி வழியில் நின்றே இருக்காது.

நான் ஏழாயிரம்பண்ணை போகும் வழியில் ஒரு கிராமத்துப் பள்ளியில் தற்காலிக ஆசிரியர். காலையில் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. அதனால் அம்மா போகும் வேனிலேயே ஏறி, பள்ளிக்கூடத்துக்கு ரோடு பிரியும் விலக்கில் இறங்கிக்கொள்வேன். அன்று பள்ளி விடுமுறை. ஒரு நாவலின் கடைசி மூன்று அத்தியாயங்களை வாசித்துக் காட்டுவதற்காகவே ஏறியிருந்தேன்.

அது சிறுவர் நாவல். பள்ளி அலமாரியில் அட்டையும் முதல் பக்கங்களும் இல்லாமல் கிடந்தது. என் அப்பாவைவிட வயது கூடிய புத்தகமாக இருக்க வேண்டும். பனி கொட்டும் ஒரு மலையூர். தாய் தகப்பன் இல்லாத ஒன்பது வயதுச் சிறுமி. அவளை வளர்க்கும், வாயைத் திறக்காத பெரியப்பா. அவருடைய மாவு ஆலையில் வருடக்கணக்காகச் சுற்றி, கண் பார்வை போன ஒரு குதிரை. கெட்டவர் என்று கதையில் யாரும் இல்லை. ஒரு கம்பளிச் சட்டையைத் தைத்து முடிக்க மூன்று பக்கம் ஆகிறது. வகுப்புக்கு ஒத்துவருமா என்று வேனில் புரட்டிக்கொண்டிருந்தபோது என்னை அறியாமல் சிரித்திருக்கிறேன்.

“என்னலே தனியாச் சிரிக்க? எங்களுக்கும் சொன்னா நாங்களும் சிரிப்போம்ல,” என்றாள் அம்மா.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் பெண்கள் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்கள். முக்கால் மணி நேரப் பயணத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது. வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டாம் நாளே நான் ஏறுவதற்குள் எனக்கு அவர்கள் இடம் பிடித்து வைத்தார்கள்.

“பனின்னா மார்கழிப் பனியா?”

“இல்லைம்மா, ஐஸ் மாதிரி கொட்டும்.”

“ஐஸா கொட்டுனா ஓடு தாங்குமாலே?”

சிறுமி பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று வைக்கோல் போரில் ஒளியும் இடத்தில் வேனே கொதித்துவிட்டது. “கொழுப்பப் பாரு கழுதைக்கு! அனுப்புதேன்னு சொல்லுதாக, போக வேண்டியதுதான?” அவளுக்கு யார் தலை சீவிவிடுகிறார்கள் என்று கேட்டார்கள். புத்தகத்தில் அது இல்லை. பெரியப்பாதான் சீவியிருப்பார், சிக்கெடுக்கத் தெரியாமல் இழுத்திருப்பார் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

ஒன்றை மட்டும் நான் வாசிக்காமல் தாண்டிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்து எழுத்து முறைப்படி, அத்தியாயத்துக்கு ஒரு தடவை நூலாசிரியர் கதையை நிறுத்திவிட்டு, ‘குழந்தைகளே, இப்போது என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்பார். நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குக் கூச்சம். என் எதிர் சீட்டில் ஓர் அத்தை உட்காருவார். சொந்தம் இல்லை, தெருவில் அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாதவர், ஆனால் பிடித்துவிட்டார்.

“மருமகனே, அங்கன எதையோ முழுங்குத. வாய் நிண்டு போகுது பாரு.”

வேறு வழியில்லாமல் வாசித்தேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கவும் செய்தார்கள். அத்தை மட்டும், “எட்டு வயசுல தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனேன். அங்க எங்களுக்குச் சின்னாளுன்னு பேரு. சின்னாளுக்கு அரைக் கூலி. கொளந்தைன்னு எவனும் கூப்பிட்டதில்ல. நீ விடாம வாசி,” என்றார். அதன் பிறகு நூலாசிரியர் எப்போது கேட்டாலும் எல்லோரும் போட்டி போட்டுப் பதில் சொன்னார்கள். என் வகுப்புப் பிள்ளைகள்கூட அப்படிக் கை தூக்கியதில்லை.

அத்தைக்குத்தான் அந்தச் சனிக்கிழமை அவசரம். மறுநாள் மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், திங்கட்கிழமை கர்ப்பப்பை ஆபரேஷன். அவருடைய அக்கா அதே ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அதை அவர் சொல்லவில்லை, அம்மா சொன்னாள். வெள்ளிக்கிழமை, பெரியப்பா குதிரையை விற்கச் சந்தைக்கு ஓட்டிப்போகும் இடத்தில் வாசிப்பு நின்றிருந்தது. முடிவை மட்டும் சொல்லட்டுமா என்று அத்தையிடம் கேட்டேன்.

“முடிவத் தெரிஞ்சு நான் என்ன செய்ய? வாசி. பாதியில விட்டுப் போனா, படுத்த இடத்துல அந்தக் குருதைதான் கண்ணுக்குள்ள நிக்கும்.”

அதனால் வேன் கிளம்பியதும் வாசிக்கத் தொடங்கினேன். இரண்டு அத்தியாயம் முடிந்து, கடைசி அத்தியாயம் தொடங்கும்போது குண்டும் குழியுமான ரோடு வந்துவிட்டது. தகரம் அடிக்கிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நான் கத்தினேன். பின் சீட்டிலிருந்து “கேக்கல, கேக்கல” என்றார்கள். திடீரென்று டிரைவர் வண்டியைக் கருவேல மரங்களுக்குப் பக்கத்தில் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினார்.

“என்ன தம்பி, டீசல் இல்லையா?” என்றாள் அம்மா.

“டீசலுக்கு என்ன மதினி, இருக்கு. நானும் மனுசன்தான? வாத்தியாரே, சந்தைல அத யாரு வாங்குனா? சட்டுனு வாசிங்க.”

விற்ற குதிரையைத் தேடிச் சிறுமி தனியாகப் போகிறாள். அதை வாங்கிய சந்தைக்காரன் இரங்கி, காசு வேண்டாம், கொண்டுபோ என்கிறான். திரும்பும் வழியில் பனிப்புயல். எதிரே நீட்டிய கை தெரியவில்லை. வழி மூடிவிட்டது. அந்த இடத்தில் நூலாசிரியர் நிறுத்தினார். நானும் நிறுத்தி, வாசித்தேன்: ‘குழந்தைகளே, இப்போது அவளுக்கு யார் வழி காட்டுவார்கள்?’

பெரியப்பா என்றார்கள். மாதா என்றார்கள். அத்தை வெளியே கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குருதைதான்,” என்றார். “கண்ணு தெரியாததுக்குப் பனி என்ன, வெயிலு என்ன. கால் நெனப்புலயே போயிரும்.”

அப்படித்தான் எழுதியிருந்தது. நான் பக்கத்தைத் திருப்பி வாசித்தேன். குதிரை தான் வந்த வழியிலேயே நடந்தது, சிறுமி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனாள், பெரியப்பா விளக்கோடு வாசலில் நின்றார். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அந்த மனுசன் விக்காமலே இருந்திருக்கலாம்ல? வீம்பு. சரி, எடுங்க வண்டிய,” என்றார்.

கம்பெனி கேட்டைப் பூட்டிவிட்டிருந்தார்கள். ஃபோர்மேன் உள்ளே நின்று, “எதுக்கு இம்புட்டு லேட்டு?” என்றார். டிரைவர் பஞ்சர் என்று சொல்ல வாயெடுத்தார்.

“ஒரு குருதைய விக்கப் போயிருந்தாக. அது வீடு வந்து சேர்றவரைக்கும் நிண்டோம்,” என்றார் அத்தை.

பன்னிரண்டு பேரும் சிரித்ததில் ஃபோர்மேனுக்குக் கோபம் கூடிவிட்டது. மத்தியானம்தான் உள்ளே விட்டார்கள். அதுவரை அவர்கள் கேட்டுக்கு வெளியே நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, அந்தச் சிறுமி பெரியவளாகி யாரைக் கட்டியிருப்பாள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அரை நாள் கூலியை அடுத்த சனிக்கிழமைச் சம்பளத்தில்தான் பிடித்தார்கள். அத்தையின் கவரை அம்மா வாங்கிவைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மதுரைக்குப் போனபோது அத்தை கட்டிலில் சாய்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. புத்தகத்தைக் கொண்டுவந்தாயா என்றுதான் முதலில் கேட்டார். பக்கத்துக் கட்டில்காரிக்குக் கதையை ஆரம்பித்துவிட்டாராம், சட்டை தைக்கிற இடத்தில் நிறம் மறந்துவிட்டதாம்.

“ஆளுக்கு எம்புட்டுப் பிடிச்சாக?” என்றார் அம்மாவிடம்.

“இருநூத்திப் பத்து.”

“சினிமாவுக்குப் போனாலும் அம்புட்டு ஆகும். மருமகனே, மொத்தமா என்ன வருது, கூட்டிச் சொல்லு.”

டிரைவருக்கு வாடகையில் பிடித்த முந்நூறையும் சேர்த்துக் கூட்டிச் சொன்னேன்: இரண்டாயிரத்து எண்ணூற்று இருபது ரூபாய்.